மெஷின் வேண்டாம் என்றால், எந்த மெஷின்?

திருவண்ணாமலையிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 78 வயது, நுரையீரல் மோசம். "என்னை மெஷின்ல போட்டுடாதீங்க, மலையைப் பாத்துக்கிட்டே போயிடறேன்" என்கிறாராம். இதை எழுதி வைத்தால் கருணைக்கொலை என்று கேஸ் ஆகிவிடுமோ என்று மகளுக்குப் பயம்.

ஆகாது. ஊசி போட்டு உயிரை எடுப்பது இங்கே இன்றும் குற்றம்தான், நோயாளியே கெஞ்சிக் கேட்டிருந்தாலும். ஆனால் குணமாக வழியில்லாத நிலையில், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சையை விட்டுவிடுவது வேறு விஷயம். அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி விட்டது. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில், கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் வரும் உரிமை என்றது.

அப்பாவிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எந்த மெஷின்? "ஒண்ணும் வேணாம்" என்று மொட்டையாக எழுதிய தாளை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? வென்டிலேட்டர், நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓடவைப்பது, டயாலிசிஸ், மூக்குக் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பேசுங்கள். உங்கள் ஊர் ரமணரையே பாருங்களேன். இடது கையில் புற்றுக்கட்டி வந்து நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்றபோதுதான் மறுத்தார். 1950 ஏப்ரல் 14, கடைசி நாளன்று, ஆக்ஸிஜனையும் கையசைத்து வேண்டாம் என்றார். அதுவரை வந்த டாக்டர்களை அவர் விரட்டவில்லை.

இப்படிப் பேசி முடிவு செய்ததைச் சொல்லும் பத்திரத்தை அப்பா தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டதால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023 ஜனவரியிலிருந்து நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும். தன்னால் சொல்ல முடியாதபோது யார் முடிவு சொல்வது என்று பெயர் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் இருக்கலாம். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பத்திரம் இருப்பதாலேயே யாரும் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழு ஒன்றும், அதற்கு மேல் இன்னொரு குழுவும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இந்தக் கெடுபிடி தேவைதான் என்பேன். தென் மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்று முதியவர்களை எண்ணெய் தேய்த்து அனுப்பிவைத்த கதை நமக்குத் தெரியாததா? அங்கே பெரியவரை யார் கேட்டார்கள்?

எழுதியதை ஒளித்து வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரியவர் எல்லாம் முறையாகச் செய்து, பட்டாவோடு சேர்த்து பீரோவில் பூட்டிவிட்டார். மூச்சுத் திணறிய ராத்திரி பிள்ளைகளுக்கு விஷயமே தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீட்டுப் பத்திரம் தேடியபோதுதான் கிடைத்தது. அண்ணன், தம்பி, முக்கியமாக வெளியூரில் இருந்துகொண்டு "எல்லாம் பண்ணுங்க" என்று போனில் சொல்லப்போகிறவர், எல்லோர் கையிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்பதற்காக மூச்சு முட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. குறைந்த அளவு மார்பின் மூச்சுத் திணறலைத் தணிக்கும். டாக்டர் எழுதித்தர வேண்டும். வலி நிவாரணச் சிகிச்சை பற்றி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

கட்டிலை எங்கே போட்டால் மலை தெரியும் என்றும் பார்த்து வையுங்கள். எதிரே லாட்ஜ் மறைக்கிறது, மாடி அறைதான் சரி என்றால், அப்பாவால் படியேற முடிகிறபோதே மாற்றிவிடுங்கள்.