உறங்கும் சிசுவும் உறக்கமிழந்த பெற்றோரும்

பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியாத வீடுகளிலிருந்து ஆலிம்களிடம் வரும் கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. "இரவில் பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்ந்து விடுகிறேன். ஏதாவது நேர்ந்துவிட்டால் நான் குற்றவாளி ஆவேனா?" என்று தாய் கேட்கிறாள். "காப்பவன் அல்லாஹ். படுக்கைக்கும் தலையணைக்கும் இவ்வளவு யோசனை எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

கட்டிய பிறகே தவக்குல்

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதீயில் வருகிறது. உறங்கும் இடத்தைப் பற்றியே அவர்கள் தனியாகப் போதித்திருக்கிறார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் தீப்பற்றியபோது, உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். தடுப்பில்லாத மாடியில் உறங்குவதைக் கண்டித்தார்கள். எழுந்து ஓடத் தெரிந்த பெரியவர்களுக்கே இத்தனை எச்சரிக்கை என்றால், முகத்தில் விழுந்த துணியை விலக்கத் தெரியாத சிசுவின் படுக்கையைச் சீர்செய்வது எத்துணை அவசியம்!

படுக்கை எப்படி இருக்க வேண்டும்?

இதில் மருத்துவர்களின் சொல்லைக் கேட்பதே முறை. குழந்தையை ஒவ்வொரு முறையும் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் விதி. பிரிட்டனில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் இதை நாடெங்கும் எடுத்துச் சொன்ன பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறும் என்று நம் வீட்டு மூதாட்டிகள் அஞ்சுவார்கள். அந்த நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழும் இருப்பதால், மேலே வரும் பால் மூச்சுக்குழலுக்குள் எளிதில் போகாது. குப்புறப் படுக்கும்போதுதான், தான் விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்க நேர்கிறது.

படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தரையில் பாய் விரித்து, அதன்மேல் இறுக்கமாக ஒரு மெல்லிய துணி போட்டால் போதும். தலை உருண்டையாக வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்தில் அணை கொடுக்கும் திண்டு, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். சேலைத் தூளியில் உடல் வளைந்து மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு தடைப்படும். ஆகவே, தாலாட்டித் தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்துங்கள். கழுத்தில் கயிறோ சங்கிலியோ இருந்தால் உறங்கும் முன் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் புகை குழந்தை இருக்கும் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். ஒன்று முதல் நான்கு மாதம் வரை ஆபத்து மிகுதி. முதல் ஆறு மாதமாவது தாயின் அறையிலேயே, அவள் கைக்கெட்டும் தூரத்தில், தனி விரிப்பில் உறங்குவது நல்லது.

கண்ணயர்ந்த தாயின் நிலை

இனி முதல் கேள்விக்கு வருவோம். மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள ஹதீஸில், விழிக்கும் வரை உறங்குபவரும் ஒருவர். ஆகவே உறக்கத்தில் நேர்ந்ததற்காகக் குற்றம் புரிந்தவள் என்ற பெயர் தாய்க்கு இல்லை. ஆயினும் உறக்கத்தில் புரண்டு ஒருவர் மீது விழுந்து, அதனால் அவர் இறப்பதை ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா நூல் தவறுதலாக நேர்ந்த கொலையின் சட்டத்தில் சேர்க்கிறது. கஃப்பாராவும் தியத்தும் அதில் பேசப்படுகின்றன. உயிரின் மதிப்பு அத்தகையது என்பதால்தான் இந்தச் சட்டம். எனினும் வெறும் சந்தேகத்தால் இந்தப் பொறுப்பு ஏற்பட்டுவிடாது. குழந்தை இறந்து கிடந்தது என்பதற்காகத் தாய்தான் புரண்டிருப்பாள் என்று ஊகித்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. எல்லா எச்சரிக்கையும் எடுத்த வீடுகளிலும், காரணம் தெரியாமல் சிசுக்கள் இறப்பதுண்டு. அப்படி நேர்ந்தவர்கள் தம் மத்ஹபின் ஆலிமிடம் தனிமையில் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

தூக்கம் தள்ளும் வேளையில் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து பால் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. கண்ணயர்ந்து விடுவோம் என்று தோன்றினால், தலையணை போர்வைகளை அகற்றிய கெட்டியான படுக்கையில் கொடுங்கள். விழித்ததும் பிள்ளையை அதன் இடத்தில் கிடத்திவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையையும், தூக்க மருந்து உண்டவர் பக்கத்தில் எந்தப் பிள்ளையையும், ஒரே படுக்கையில் போடவே கூடாது.

இரவு யாருடையது?

தொழுகையை நீட்ட எண்ணி நின்றும், குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாய் படும் பாட்டை நினைத்துச் சுருக்கிக்கொள்வதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. பால் மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல்மால் உதவித்தொகை என்றிருந்த காலத்தில், ஓரிரவு விடாமல் அழுத குழந்தையைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். அத்தொகைக்காகவே தாய் முன்கூட்டிப் பால் மறக்கடிக்கிறாள் என்று தெரிந்ததும், பிறந்தது முதலே தொகை உண்டு என்று மாற்றினார்கள் என்பது வரலாறு. தாயை ஏசாமல் ஏற்பாட்டைத் திருத்தினார்கள்!

நம் வீட்டு ஏற்பாடு என்ன? கணவர் ஒரு சாமம் விழித்துத் துணி மாற்றி, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்தால் அவருடைய கண்ணியம் குறையாது. வீட்டாரின் பணியில் நபியவர்கள் ஈடுபட்டிருந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். மாமியார் பகலில் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் மருமகள் உறங்குவாள். பார்க்க வருவோரும் சீக்கிரம் விடைபெறட்டும். நாள் கணக்கில் உறக்கமே வராமல், இடைவிடாத அழுகையும் பயமுமாக ஒரு தாய் இருந்தால், அதை ஈமானின் பலவீனம் என்று சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஹஸன், ஹுசைன் (ரலி) இருவருக்காகவும் நபியவர்கள் பாதுகாவல் தேடி ஓதினார்கள். நாமும் படுக்கையைச் சரிசெய்து, பிள்ளையை மல்லாக்கக் கிடத்தி, பிறகு ஓதி ஊதுவோம். அல்லாஹு தஆலா நம் குழந்தைகளையும் அவர்களுக்காக உறக்கமிழப்போரையும் காத்தருள்வானாக! ஆமீன்.