மேடு பள்ளமான புற்றரையா? மண் போட இதுதான் தருணம்

ஓகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டது. ஒன்ராறியோவின் தென்பகுதியில், புல்வெட்டும் இயந்திரம் துள்ளித் துள்ளி ஓடும் வளவு வைத்திருப்பவர்கள் இனித் தாமதிக்க வேண்டாம். இங்கே நாம் வளர்க்கும் கென்டக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ எல்லாம் குளிரை விரும்பும் புற்கள். ஜூலை வெயிலில் சோர்ந்து கிடந்தவை இரவு குளிரத் தொடங்கியதும் மறுபடி வேர்விடும். மேலே போட்ட மண்ணைத் துளைத்து எழும்பும் தெம்பு அவற்றுக்கு இப்போதுதான் உண்டு. செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதற்குப் பிந்தினால் விதை முளைத்தாலும், உறைபனிக்கு முன் வேர் பிடிக்க நாள் போதாது.

மண் வாங்கப் போகுமுன் பள்ளம் எதனால் வந்தது என்று பாருங்கள். பனிக்காலத்தில் மண் உறைந்து பொங்கி, வசந்தத்தில் ஏற்றத்தாழ்வாக இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். புதிய வீடுகளில் நீளக் கோடாகப் பள்ளம் விழுந்தால், குழாய் புதைத்த கிடங்கு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். புல்லைப் பிடித்து இழுத்ததும் கம்பளம்போல உரிந்து வந்தால், அடியில் வளைந்து கிடக்கும் வெள்ளை வண்டுப்புழுக்களைக் காண்பீர்கள். ஸ்கங்கும் ரக்கூனும் இரவில் கிளறுவது அவற்றைத் தின்னத்தான். அழகுக்காகப் பூச்சிமருந்து அடிப்பது ஒன்ராறியோவில் 2009 முதல் தடை. அதனால் இந்தப் புழுக்களைக் கொல்லும் நுண்புழுக்களான நெமட்டோடு வாங்கி, மண்ணை நனைத்துவிட்டு மாலையில் ஊற்றுங்கள். புழு இருக்கும்வரை சமப்படுத்துவது வீண் செலவு.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஓடும் அகலமான பள்ளத்தை மட்டும் தொடவே வேண்டாம். அது மழைநீரும் பனி கரைந்த நீரும் வடிய வெட்டிவிட்ட வாய்க்கால். அதைத் தூர்த்தால் தண்ணீர் உங்கள் பேஸ்மென்டுக்கோ அயலவர் பேஸ்மென்டுக்கோ போகும். பல நகரசபைகளில் அது விதிமீறலும்கூட. சுவரோரம் தரை வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரிந்திருப்பதும் அப்படியே இருக்கட்டும். சமம் என்றால் கால் இடறாத தரை, அவ்வளவுதான்.

இனி வேலை. புல்லை இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, காய்ந்த சருகை ரேக்கால் வாரி எடுங்கள். தரை இறுகியிருந்தால் மண்ணைக் குச்சி குச்சியாகப் பிடுங்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். பிறகு மண்ணைப் பரப்பலாம். ஒரு தடவைக்கு கால் அங்குலம் நல்லது, அரை அங்குலம் உச்சம். பரப்பியபின் குனிந்து பாருங்கள்: புல் நுனி வெளியே தெரிய வேண்டும், தெரியாவிட்டால் கூட்டித் தள்ளுங்கள். 1000 சதுர அடிக்குக் கால் அங்குலம் போட முக்கால் கன யார் மண் பிடிக்கும்.

வீடியோக்களில் வெறும் மணலைக் கொட்டுவார்கள். கோல்ஃப் மைதானத்தில் பந்தை உருட்டும் இடத்துக்கு அடியிலும் மணல்தான். அங்கே அது பொருந்தும். ஆனால் ரொறன்ரோவைச் சுற்றி அநேக வளவுகளில் இருப்பது களிமண். மேல்மண்ணும் கொம்போஸ்டும் கொஞ்சம் மணலும் கலந்து போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட பள்ளத்துக்கு மேலே மண் கொட்டினால் புல் மூச்சுமுட்டிச் சாகும். கூரான மண்வெட்டியால் புல்லைப் பெருக்கல் குறிபோல வெட்டி, வேரோடு நான்கு பக்கமும் மடித்து, உள்ளே மண் நிரப்பி மிதித்துவிட்டுத் திரும்ப மூடுங்கள். மேடாக இருந்தால் அதே வெட்டு, மண்ணை வழித்தெடுக்க வேண்டும். ரோலரை உருட்டி மேட்டை அமுக்க நினைக்காதீர்கள். களிமண் இறுகி, வேருக்குக் காற்றுப் போகாமல் செய்துவிடும்.

வெறுமையான இடங்களில் உடனே விதை தூவுங்கள். ரைகிராஸ் ஒரு கிழமையில் முளைக்கும், புளூகிராஸுக்கு இரண்டு மூன்று கிழமை வேண்டும். அதுவரை தினமும் இலேசாக நீர் தெளியுங்கள். மூன்று அங்குலம் வளரும்வரை புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்ற வேண்டாம். மிச்சப் பள்ளத்துக்கு அடுத்த செப்டெம்பரில் இன்னொரு படை போடலாம்.

தோண்டுவதாக இருந்தால் ஒரு கிழமைக்கு முன்பே ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவியுங்கள். வாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தை வந்து குறித்துவிட்டுப் போவார்கள், கட்டணம் இல்லை.