உயர்நிலைப் பள்ளிக் கணிதமும் நில அளவையும்

கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில் தமிழ் வழியாகப் பயிலும் மாணாக்கர் இருவகை நிலப்பரப்பில் வாழ்கின்றனர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் முதலிய ஊர்கள் பனையும் நெல்லும் நிறைந்த சமவெளியில் உள்ளன. இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களோ தேயிலையும் ஏலமும் விளையும் மலைச்சரிவுகளாம். இவ்விரு நிலங்களும் கணித ஆசிரியருக்குச் செலவின்றிக் கிடைத்த ஆய்வுக்கூடங்கள். வடிவொத்த முக்கோணம், பித்தகோரஸ் தேற்றம், திரிகோண கணிதம் ஆகிய மூன்றையும் மாணாக்கர் தம் கையால் அளந்தே கற்பதற்குரிய பயிற்சிகள் சில இங்குத் தரப்படுகின்றன.

முதற் பயிற்சி: பனையின் உயரம்

1 மீட்டர் நீளமுள்ள கழி ஒன்றை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளக்க வேண்டும். அதே வேளையில் பனையின் நிழலையும் அளக்க வேண்டும். கழியின் நிழல் 80 சென்டிமீட்டரும் பனையின் நிழல் 12 மீட்டரும் இருப்பின், பனையின் உயரம் 15 மீட்டர். இரு நிழல்களையும் அரைமணி இடைவெளி விட்டு அளக்கச் செய்தால் விடை மாறுவதை மாணாக்கரே காண்பர். வடிவொத்த முக்கோணங்களில் கோணம் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதன் பொருள் அப்போது அவர்களுக்குத் தெளிவாகும்.

இரண்டாம் பயிற்சி: அணுக முடியாத குன்று

குன்றின் உச்சிக்கு நேர்கீழேயுள்ள இடம் மண்ணுக்குள் மறைந்திருப்பதால் அதுவரை நாடா பிடித்து அளக்க இயலாது. இதற்கு இரண்டு நிலைகளிலிருந்து ஏற்றக் கோணத்தைக் காண வேண்டும். கருவி எளியது. பெட்டியிலுள்ள கோணமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தொங்கவிட வேண்டும். கோணமானியின் நேர்விளிம்பு வழியே ஒரு மாணாக்கர் உச்சியை நோக்க, மற்றொருவர் நூல் நிற்கும் கோணத்தைப் படிக்க வேண்டும். அதற்கும் 90 பாகைக்கும் உள்ள வேறுபாடே ஏற்றக் கோணம். சூரியன் இருக்கும் திசையில் எக்காரணங்கொண்டும் நோக்கலாகாது.

குன்றுக்கு அண்மையிலுள்ள நிலையில் 25 பாகையும், அங்கிருந்து நேர் பின்னே 100 மீட்டர் சென்றபின் 20 பாகையும் கிடைத்தனவென்று கொள்வோம். கணக்கிட்டால் கண்மட்டத்துக்கு மேல் குன்றின் உயரம் ஏறத்தாழ 166 மீட்டர். இனி முதற் கோணத்தை ஒரு மாணாக்கர் 26 என்று படித்திருந்தால் விடை 143 மீட்டர். 24 என்று படித்திருந்தால் 199 மீட்டர். கையால் செய்த கருவியில் 1 பாகைப் பிழை எளிதில் நேரக்கூடியது. எனவே ஒரே வகுப்பில் மூன்று குழுக்கள் மூன்று விடைகளைக் கொணர்வது இயல்பே. இவற்றில் இரண்டைத் தவறென்று அடித்துவிடும் ஆசிரியர் இப்பயிற்சியின் சிறந்த பகுதியை இழந்துவிடுகிறார்.

மறுநாள் அதே குன்றுக்கு 425 மீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை எடுத்துக்கொள்ளச் செய்க. தொலைநிலையில் கோணம் 12 பாகையாகும். முன்போலவே அண்மைக் கோணத்தில் 1 பாகை தவறினாலும் விடை 160க்கும் 173க்கும் இடையிலேயே நிற்கும். கோணமானியும் நூலும் மாறவில்லை. அடிக்கோடு மட்டுமே நீண்டது. பிழை எங்குப் பிறக்கிறது, அதை எவ்வாறு குறைப்பது என்பதை மாணாக்கர் இவ்வாறு தாமே கண்டறிவர்.

திரிகோண கணிதம் தொடங்காத வகுப்பினர் 50 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்னும் அளவுத்திட்டத்தில் படம் வரையலாம். 8.5 சென்டிமீட்டர் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் கோணங்களை அமைத்தால், கோடுகள் சந்திக்கும் புள்ளி அடிக்கோட்டிலிருந்து சுமார் 3.3 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும்.

இம்முறை பள்ளிக்கென்று புனையப்பட்டதன்று. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பாரத நாட்டின் பெரும் திரிகோண அளவை அதிலிருந்தே வளர்ந்தது. தொடக்கக் கோட்டுக்கு அவர் அத்துணைக் கவனம் செலுத்தியதன் காரணத்தை மேற்கண்ட பயிற்சியைச் செய்த மாணாக்கர் உடனே உணர்வர்.

மூன்றாம் பயிற்சி: சரிவை அளத்தல்

மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு நீண்ட சமதளம் கிடைப்பதரிது. அங்கே சரிவையே பாடமாக்கலாம். 2 மீட்டர் கழியின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, ரசமட்டம் வைத்துக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். மறுமுனையிலிருந்து தூக்குக் குண்டு நிலத்தைத் தொடும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, அவ்விடத்திலிருந்து அடுத்த படியைத் தொடங்க வேண்டும். இவ்வாறு 10 படிகள் இறங்கினால் கிடைத்தூரம் 20 மீட்டர். இறக்கங்களின் கூட்டுத்தொகை 11.5 மீட்டராயின் சரிவு ஏறத்தாழ 30 பாகை. பித்தகோரஸ் தேற்றப்படி சரிவின் நீளம் 23.1 மீட்டர், நாடாவைச் சரிவின்மீது பிடித்து இதனைச் சரிபார்க்கலாம்.

இச்சரிவில் 20 மீட்டர் அகலமுள்ள நிலத்தை நாடாவால் அளந்தால் 462 சதுர மீட்டர் வரும். நில அளவையோ கிடைப்பரப்பையே கொள்வதால் ஆவணத்தில் 400 சதுர மீட்டரே இருக்கும். நிலம் குறைந்துவிட்டதென்று ஐயுறும் பெற்றோருக்குப் பத்தாம் வகுப்பு மாணாக்கரே விளக்கம் கூற இயலும்.

சரிவு மலைவாழ் மக்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் கனமழையின்போது மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. ஆகவே மழைக்காலத்தில் இப்பயிற்சியைச் சரிவுகளில் நடத்தலாகாது. உலர்ந்த நாட்களில், பள்ளி வளாகத்தின் சிறு மேடுகளிலேயே நடத்த வேண்டும்.

ஆசிரியர்க்கும் களப் பணியாளர்க்கும்

குழுவுக்கு நால்வர் போதும்: நோக்குபவர், கோணம் படிப்பவர், நாடா பிடிப்பவர், குறிப்பவர். ஒவ்வொரு கோணத்தையும் மூவர் படித்துச் சராசரி எடுக்க வேண்டும். சூத்திரத்தை அளவைக்குப் பின்னரே கரும்பலகையில் எழுதுதல் நன்று. பள்ளியைப் பார்வையிடும் களப் பணியாளர் இறுதி விடையை மட்டும் நோக்காது, குறிப்பேட்டிலுள்ள அளவுகளையும் பிழைக்கு மாணாக்கர் கூறும் காரணத்தையும் நோக்குவாராக. காரணம் கூறத் தெரிந்த மாணாக்கர் கணிதம் கற்றவராவர்.