செம்மறிப் பால்: யாருக்கு உணவு, யாருக்குச் சுமை?

“சுவாமி, எனக்குப் பால் குறைஞ்சுபோச்சு. எங்கடை செம்மறியிலை கொஞ்சம் கறக்கலாம். நல்ல தடிப்பான பால். பிள்ளைக்குக் குடுக்கலாமோ?”

இடம்பெயர்ந்திருந்த ஓர் இளந்தாய் கேட்ட கேள்வி இது. மடியில் இருந்த குழந்தைக்கு நான்கு மாதம். பக்கத்தில் நின்ற மூத்த மகனுக்கு ஐந்து வயது. பால் ஒன்றுதான், ஆனால் இந்த இரு பிள்ளைகளுக்கும் விடை ஒன்றல்ல. அது ஏன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

பால் ஏன் தடிக்கிறது?

ஒவ்வொரு தாயின் பாலும் தன் குட்டி வளரும் வேகத்துக்கு ஏற்றபடியே அமைந்துள்ளது. மனிதக் குழந்தை பிறந்தபோது இருந்த நிறையைப் போல இரு மடங்காக ஏறக்குறைய ஐந்து, ஆறு மாதங்கள் செல்லும். பசுக்கன்றுக்கு ஒன்றரை மாதம் போதும். செம்மறிக் குட்டியோ இரண்டு கிழமையளவில் இரட்டித்துவிடும். அந்த வேகத்துக்கு அதற்குச் செறிந்த பால் வேண்டும்.

100 கிராம் பாலில் உள்ள சத்துக்கள் (ஏறக்குறைய):

தாய்ப்பால்: புரதம் 1 கிராம், கொழுப்பு 4 கிராம், கல்சியம் 30 மில்லிகிராம்.
பசுப்பால்: புரதம் 3.3 கிராம், கொழுப்பு 3.5 கிராம், கல்சியம் 115 மில்லிகிராம்.
வெள்ளாட்டுப் பால்: புரதம் 3.5 கிராம், கொழுப்பு 4 கிராம், கல்சியம் 130 மில்லிகிராம்.
செம்மறிப் பால்: புரதம் 6 கிராம், கொழுப்பு 7 கிராம், கல்சியம் 190 மில்லிகிராம்.

இந்தச் செறிவினால்தான் செம்மறிப் பால் கட்டித் தயிராக உறைகிறது. கிரேக்க நாட்டின் பெற்றா, பிரான்சின் ரொக்போர்ட் ஆகிய பாற்கட்டிகளுக்கு அது பேர்போனதும் இதனால்தான்.

ஐந்து வயது மகனுக்கு

இவனுக்குக் கொடுக்கலாம். 100 கிராம் கொண்ட ஒரு சிறு கோப்பைப் பாலில் ஒரு கோழிமுட்டையில் உள்ள அளவு புரதம் இருக்கிறது. எலும்புக்குக் கல்சியமும், இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய விற்றமின் பி12உம் கிடைக்கின்றன. சோறும் சொதியும் மட்டும் உண்ணும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. தயிராக்கியும் கொடுக்கலாம்.

ஆனால் எந்தப் பாலிலும் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஆகவே பாலை நம்பிக் கீரையையும் மீனையும் பயறையும் விட்டுவிடக்கூடாது. பசுப்பால் ஒவ்வாமல் உடம்பு தடிக்கும் அல்லது இளைப்பு வரும் பிள்ளைக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாமற் போகலாம். வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம்.

நான்கு மாதக் குழந்தைக்கு

இக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலைவிட ஆறு மடங்கு புரதத்தையும் மிகுந்த உப்புக்களையும் வெளியேற்ற அதன் பிஞ்சுச் சிறுநீரகங்களால் இயலாது. தண்ணீர் கலந்தால் சரியாகும் என்று எண்ணுவதும் தவறு. இரும்புக் குறைவு அதனால் தீராது. அசுத்தமான தண்ணீரால் வயிற்றோட்டம் வரலாம். வெள்ளாட்டுப் பாலும் இதற்கு மாற்று அல்ல. அதில் போலிக் அமிலம் மிகக் குறைவாதலால், அதை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு இரத்தச்சோகை உண்டாகும்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு மற்ற உணவுகளோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். பால் குறைந்தது போலத் தோன்றினால் குழந்தையை அடிக்கடி மார்பில் விடுங்கள். உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். குடும்பநல உத்தியோகத்தரையும் உடனே சந்தியுங்கள்.

காய்ச்சாத பால் வேண்டாம்

கறந்த சூட்டோடு ஆட்டுப்பால் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள். மோல்ற்றாத் தீவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த பிரித்தானியப் படைவீரர்கள் நாட்பட்ட காய்ச்சலால் துன்புற்றார்கள். அதற்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் கண்டறிந்தார். அது எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் தெரியாதிருந்தது. 1905இல் அத்தீவின் மருத்துவர் தெமிஸ்ரோக்கிளிஸ் சமித், நோயே இல்லாததுபோல் தோன்றிய ஆடுகளில் அக்கிருமியைக் கண்டார். 1906இல் வீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது.

செம்மறியும் இக்கிருமியைக் காவும். ஆகவே பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். சினை கலைந்த ஆட்டின் பாலை எடுக்காதீர்கள். கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குட்டியின் பங்கு

எங்கள் செம்மறிகள் இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்க்கப்படுபவை. பால் கொஞ்சமே தரும். முதல் நாட்களின் கடும்புப் பால் முழுவதும் குட்டிக்கே உரியது. குட்டி புல் கடிக்கத் தொடங்கிய பின், அது குடித்து மிஞ்சியதையே கறக்க வேண்டும். குட்டி மெலிந்தால் கறப்பதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு அந்தக் குட்டிதான் அடுத்த வருடத்து முதல்.

அந்தத் தாய்க்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான்: சின்னவனுக்கு உங்கள் பால்; குட்டிக்கு அதன் தாயின் பால்; மிஞ்சுவதைக் காய்ச்சி மூத்தவனுக்குக் கொடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. எங்கள் வீடுகளில் ஆட்டுப்பால் யாருக்குக் கொடுக்கப்படுகிறது? காய்ச்சிக் கொடுக்கிறோமா?
2. பால் குறைந்த தாய்க்கு அயலவர் எவ்வகையில் உதவலாம்?
3. இப்போது இருக்கும் இடத்தில் ஆட்டுக்குப் புல்லும் குழையும் எங்கே கிடைக்கும்?