காந்தலூரில் பந்து வீசும் தம்பிக்கு



"டென்னிஸ் பாலை விட்டுட்டு ஸ்டிச் பாலுக்கு வர எனக்கு வயசு போயிடுச்சா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாய். பதினெட்டு வயதில் கேட்கிற கேள்வியா இது? போகவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் ஒருவர் இருபது வயது வரை டென்னிஸ் பாலில் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தார். முப்பது முடிவதற்குள் இந்தியாவுக்காக டெஸ்ட், ஒருநாள், டி20 மூன்றிலும் ஆடிவிட்டார். தங்கராசு நடராஜன். உன் செல்போனைத் திறந்தால் முதலில் தெரிவதே அவர் படம்தான் என்று உன் மாமா சொன்னார். அதனால் அவரை வைத்தே உனக்குப் பதில் எழுதுகிறேன்.

ஆனால் உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிற நடராஜன் கதை எனக்குப் போதவில்லை. அப்பா தறி வேலைக்குப் போன கூலித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர், பிள்ளையின் கையில் ஒரு யார்க்கர், ஒருநாள் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டியது. வீடியோக்களில் இவ்வளவுதான் வருகிறது. எல்லாம் உண்மைதான். நடுவில் இருக்கிற, உனக்கு மிகவும் வேண்டிய சில ஆண்டுகளைத்தான் காணோம்.

அதற்கு முன் உன் பந்துவீச்சைப் பற்றி. மாமா அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பூண்டு பிடுங்கி முடித்த தட்டு வயல். எட்டு எட்டில் உன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வயல் இல்லை, பின்னால் வரப்பு, வரப்புக்கு மேலே அடுத்த தட்டு. ஓட இடமில்லாததால் வேகம் முழுவதையும் தோளிலிருந்து பிடுங்கி எடுக்கிறாய். பந்தை விடும்போது தலை இடப்பக்கம் சாய்ந்து போகிறது, முன்கால் குறுக்கே விழுகிறது. ஆனால் ஆறு பந்தில் நான்கு, மட்டைக்காரனின் பெருவிரலுக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. அதை நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நீ யாரிடமும் கற்கவும் வேண்டியதில்லை.

அது எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறாயா? டென்னிஸ் பால் வயலில் குத்தினால் இடுப்புக்கு எழும்பும். எழும்பிய பந்தைச் சும்மா தூக்கிவிட்டாலே கீழ்த்தட்டில் போய் விழும், ஆறு ரன். தப்பிக்க ஒரே வழி, பந்தைக் குத்தவே விடாமல் காலடியில் இறக்குவது. சின்னப்பம்பட்டியிலும் இதே பாடம்தான். 2016-ல் டி.என்.பி.எல். முதல் தொடரிலேயே திண்டுக்கல் டிராகன்ஸுக்காக சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக இறக்கியதும், 2020 நவம்பரில் அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்ததும் அந்தப் பாடத்தின் பலன்.

இனி நீ கவனிக்க வேண்டியது. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேன், காபா மைதானம். நடராஜனின் முதல் டெஸ்ட், இதுவரை அவர் ஆடிய ஒரே டெஸ்டும் அதுதான். முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு மூன்று விக்கெட் எடுத்தார். மேத்யூ வேட், சதம் அடித்திருந்த மார்னஸ் லபுஷேன், கடைசியில் ஹேசில்வுட். வேடும் லபுஷேனும் எப்படி அவுட் ஆனார்கள் என்று தேடிப் பார். இருவருமே குத்தி எழும்பிய பந்தைப் புல் ஆடப் போய் கேட்ச் கொடுத்தார்கள். நடராஜன் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் யார்க்கருக்கு அந்த இரண்டு விக்கெட்டிலும் வேலையே வரவில்லை. சின்னப்பம்பட்டியில் சிக்ஸருக்குப் போயிருக்கக்கூடிய ஒரு லென்த், காபாவில் டெஸ்ட் விக்கெட் எடுத்தது. அந்த லென்த்தை அவர் புதிதாகக் கற்றுக்கொண்டார். கேள், தம்பி, உனக்கு நான் சொல்ல வருவது இதுதான்: கையில் இருப்பது உன்னைக் கதவு வரைக்கும் கொண்டுபோகும். உள்ளே போய் உட்கார வேண்டுமானால் இன்னொரு தடவை ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டும்.

அவர் அப்படிப் படித்த காலம்தான் வீடியோக்களில் வராதது. சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீக்கில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடினார். பிறகு விஜய், ஜாலி ரோவர்ஸ் என்று படிப்படியாக மேலே வந்தார். 2015 ஜனவரியில் வங்காள அணிக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். ஊரே எதிர்பார்த்த நாள். அந்த ஆட்டம் முடிந்ததும் அவர் ஆக்‌ஷன் சந்தேகத்துக்குரியது என்று புகார் போனது. முழங்கை பதினைந்து டிகிரிக்கு மேல் நீண்டால் அது எறி, பந்துவீச்சு இல்லை. விதி அவ்வளவு கறார். ரஞ்சி வரை வந்த ஒருவரை, உன் கையே தப்பு என்று வீட்டுக்கு அனுப்பியது போல ஆகிவிட்டது.

அதற்குப் பிறகான ஓர் ஆண்டை நினைத்துப் பார். ஆக்‌ஷன் என்பது பழக்கம்தானே, மாற்றிக்கொள்ளலாமே என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். பத்து வருடம் ஒரே மாதிரி சுழன்ற கையை வேறு மாதிரி சுழற்றச் சொன்னால் முதலில் வேகம் போகும். பிறகு குறி தவறும். யார்க்கர் ஃபுல்டாஸாகிவிடும். நேற்று வரை உன்னைக் கண்டு நடுங்கியவன் இன்று உன்னை நாலாபுறமும் அடிப்பான். ஒவ்வொரு மாலையும் பழைய கை உன்னைக் கூப்பிடும், ஒரே ஒரு பந்து பழைய மாதிரி போட்டுப் பார் என்று. லீக் ஆடிய நாட்களில் இப்படி ஆக்‌ஷனை மாற்றச் சொல்லப்பட்ட இரண்டு நல்ல பந்துவீச்சாளர்களோடு நான் ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். இருவருமே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வளவு கடினமான வேலை அது. நடராஜன் சுனில் சுப்ரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா போன்ற பயிற்சியாளர்களிடம் போய் நின்று, சொன்னதைச் செய்து, கையைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். அந்த சூப்பர் ஓவரின் ஆறு யார்க்கரும் இதற்குப் பிறகு வந்தவை. பழைய ஊர் யார்க்கரை அவர் புதிய கையால் முதலிலிருந்து சம்பாதித்தார். டிவில்லியர்ஸ் விக்கெட்டை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் முழங்கையிலும் எனக்கு லேசான ஐயம். செல்போன் வீடியோவை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ஓட்டம் குறைவாக இருந்து தோளால் வேகம் எடுக்கிற பையன்களுக்கு முழங்கை மடங்கி விரிகிற பழக்கம் வந்துவிடும். ரஞ்சிக்குப் போனபின் தெரிவதை விட இப்போது தெரிவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் மறையூர் மைதானத்துக்குப் போகிறாய் அல்லவா, அங்கே உன் முழு ஓட்டத்தையும் அளந்து குறித்துக்கொள். கிரீஸிலிருந்து திரும்பி ஓடி, உடம்பு தானாகத் தாவுகிற இடத்தைக் குறி. வயலில் எட்டு எட்டோடு போடுவதை நிறுத்து. வேகமாகப் போட இடமில்லாத இடத்தில் மெதுவாக, நேராக, முழங்கையை நீட்டியபடி போட்டுப் பழகு.

ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். டென்னிஸ் பாலைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. முதல் ஒரு மாதம் தோள் வலிக்கும், பந்து நீ நினைக்கும் இடத்துக்குப் பாதியிலேயே விழும். பயப்படாதே. பந்தின் தையலை (சீம்) இரண்டு விரலுக்கு நடுவில் நேராகப் பிடித்து, குட் லென்த்தில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் போடு. யார்க்கரை அந்த மாதம் முழுக்கத் தொடாதே. இது உனக்குப் பெரிய தண்டனையாகத் தெரியும் என்று தெரியும். இருந்தாலும் தொடாதே.

அடுத்தது ஆள். நடராஜனின் பனியனில் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்ததே, ஜே.பி. நட்டு என்று, பார்த்திருக்கிறாயா? ஜெயப்பிரகாஷ், அதே ஊர்க்காரர். டென்னிஸ் பாலில் அவரைப் பார்த்து, சென்னைக்குப் போ என்று பிடித்துத் தள்ளி, கூடவே நின்றவர். மறையூரில் உன்னைக் கைதட்டிப் பாராட்ட நூறு பேர் இருக்கிறார்கள். உன் முன்கால் குறுக்கே விழுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒருவர் வேண்டும். உன் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் கண்டிப்பானவர் என்று நீயே குறைப்பட்டிருந்தாய். அவரிடமே போ.

நீ கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உடுமலையில் இருக்கிற உறவுக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து இந்தப் பக்கம் ஆடலாமா என்று உன் வீட்டில் பேச்சு நடக்கிறதாம். வேண்டாம். மறையூர், காந்தலூர் அடங்கிய அஞ்சுநாட்டில் நாம் தமிழ் பேசுகிறோம், சந்தைக்கு உடுமலைக்கு இறங்குகிறோம், ஆனால் நீ பிறந்து படிப்பது இடுக்கி மாவட்டம். உன் மாவட்டச் சங்கம் அங்கே, உன் மாநிலம் கேரளம். பொய் முகவரியில் தொடங்குகிறவன் தேர்வுக் காகிதம் சரிபார்க்கிற ஒவ்வொரு முறையும் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூணாறு, அடிமாலி தாண்டித் தொடுபுழா வரை போய்வருவது உனக்குப் பெரும்பாடு, ஒத்துக்கொள்கிறேன். சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்குவது சுலபம்தான். ஆனாலும் போ.

கேரளத்தில் மலைப் பிள்ளைகளுக்கு வழி இல்லை என்று யாராவது சொன்னால், வயநாட்டு மின்னு மணியைச் சொல். குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகள். நெல் வயலில் பையன்களோடு ஆடத் தொடங்கியவர். 2023 ஜூலையில் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியாவுக்கு ஆடினார், முதல் ஓவரிலேயே விக்கெட். கேரளத்திலிருந்து இந்திய மகளிர் அணிக்குப் போன முதல் பெண் அவர். மானந்தவாடியில் ஒரு சந்திப்புக்கே அவர் பெயரை வைத்தார்கள். அதே மானந்தவாடிப் பக்கத்து சஜனா சஜீவன், 2024 மகளிர் பிரீமியர் லீக்கின் தொடக்க ஆட்டத்தில், கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டிய நிலையில் உள்ளே வந்து, தான் சந்தித்த முதல் பந்தையே சிக்ஸருக்கு அனுப்பினார். இரண்டு பெண்களும் பஸ் ஏறித்தான் போனார்கள்.

உடம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நான்கு டீமுக்குக் கூலிக்குப் பந்து போடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஐந்நூறு ரூபாய், சாப்பாடு. வீட்டில் பணத்தேவை இருப்பது எனக்குத் தெரியும், அதனால் நிறுத்து என்று சொல்லவில்லை. ஒரு டீமுக்குப் போடு. 2021 மார்ச்சில் புனேயில், இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் பதினான்கு ரன் தேவைப்பட, கடைசி வரை அவுட் ஆகாமல் 95 ரன் எடுத்த சாம் கரனுக்கு எதிராகப் பந்து போட்டு ஆட்டத்தை வென்று கொடுத்தார் நடராஜன். அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. அதன்பின் இந்தியாவுக்காக அவர் இதுவரை ஆடவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20, மொத்தம் ஏழு ஆட்டம். அத்தனை ஆண்டு உழைப்புக்கு நான்கு மாத இந்திய வாழ்க்கை. எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. மகள் பிறந்தபோது அவர் அமீரகத்தில் ஐ.பி.எல். ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஆஸ்திரேலியா போய், அந்தத் தொடர் முடிந்து ஊர் திரும்பியபிறகுதான் குழந்தையைப் பார்க்க முடிந்தது. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஏழு ஆட்டம்.

ஆனால் அவர் நிற்கவில்லை. 2024 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்காக 19 விக்கெட். அதற்கு முந்தைய ஆண்டு சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானமே கட்டினார், தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். ஊர்ப் பையன்கள் சரியான பிட்ச்சில் ஸ்டிச் பாலைப் போட்டுப் பழக ஓர் இடம். உனக்கு அப்படி ஓர் இடம் இல்லை, தட்டு வயல்தான் இருக்கிறது. அது என்னை உறுத்துகிறது. உங்கள் பஞ்சாயத்தில் இதைப் பேச நான் வருகிறேன், நீயும் நண்பர்களும் கையெழுத்து வாங்கி ஒரு மனு தயார் செய்யுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நடராஜனை ஐ.பி.எல். ஏலத்தில் 2017-ல் மூன்று கோடிக்கு எடுத்தார்கள், அடுத்த ஆண்டு நாற்பது லட்சம், 2025-க்கு பத்தே முக்கால் கோடி கொடுத்துவிட்டு இரண்டே ஆட்டத்தில் ஆட வைத்தார்கள். ஏலத் தொகையைப் பார்த்து நீ உன்னை அளக்க ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் பைத்தியம் பிடித்துவிடும்.

பிளஸ் டூ தேர்வை எழுதி முடி. அம்மாவிடம் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறாய். உடுமலையிலிருந்து மறையூர் வரும் காலை பஸ்ஸில் இரண்டு ஸ்டிச் பால் கொடுத்தனுப்புகிறேன். ஒன்று புதிது, ஒன்று நாற்பது ஓவர் அடிபட்டது. பழையதில் தொடங்கு. புதியதை ஞாயிற்றுக்கிழமை டீம்காரர்கள் கேட்டால் கொடுக்காதே. மாவட்டத் தேர்வுத் தேதி தெரிந்ததும் எனக்குப் போன் செய், தொடுபுழாவுக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உடுமலையிலிருந்து உன் அண்ணன்