பேரும் ஊரும்: அனலைதீவிலிருந்து ஒரு பாடம்

"புள்ளைக்கு என்னா பேரு வச்சீங்க?" என்று லயத்தில் கேட்பார்கள். "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?" என்று அனலைதீவில் கேட்பார்கள். பேச்சு கொஞ்சம் மாறுகிறது, கேள்வி ஒன்றுதான். பெயர் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன பொருள், அதைச் சரியாக எழுதாவிட்டால் என்ன நட்டம் வரும் என்பதை இந்த இதழில் பார்ப்போம். மலையில் இருக்கும் நாம் கடலுக்குள் இருக்கும் ஒரு தீவிலிருந்து பாடத்தைத் தொடங்குவோம்.

ஊருக்கு வந்த பெயர்

அனலைதீவு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள சின்னத் தீவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அங்குள்ள தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. நயினாதீவு ஹார்லெம் ஆனது. நமது அனலைதீவு ரொட்டர்டாம் ஆனது! நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் இன்றும் இங்கிலீசில் வழங்குகிறது. ரொட்டர்டாம் என்ற பெயர் பழைய படங்களோடு நின்றுவிட்டது. ஊர் மக்கள் வாயில் வராத பெயர் நிலைக்காது என்பது இதில் முதற்பாடம்.

ஊர்காவற்றுறையைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டை வைத்தான். அதில் இந்தத் துறைமுகத்தின் பெயர் 'ஊராத்துறை' என்று இருக்கிறது. பின்னால் வந்த போர்த்துக்கீசர் கப்பல் வந்து அணையும் துறைமேடையைத் தங்கள் மொழியில் சொன்ன சொல்லிலிருந்து 'கைற்ஸ்' என்ற பெயர் வந்தது. ஓர் ஊருக்கு இரண்டு பெயர்.

இது நமக்குப் புதிதா? துரைமார் வைத்த பெயர் ஒன்று, நாம் கூப்பிடும் பெயர் இன்னொன்று என்று எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன! பூண்டுலோயாவில் உள்ள டன்சினன் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பெயர்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 'அனலை' என்றதும் 'அனல்' நினைவுக்கு வரும். ஓசை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அதுதான் பெயரின் பிறப்பு என்று முடிவுகட்டக் கூடாது. பழைய எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அதைப்போல ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறிவிடும். துறைமுகத்துக்கு வல்லின 'துறை', தோட்டத்துக்கு இடையின 'துரை'. செல்லத்துரையைச் 'செல்லத்துறை' என்று எழுதினால் ஆள் துறைமுகமாகிவிடுவார்!

ஆளுக்கு வந்த பெயர்

அனலைதீவில் ஐயனார் கோயில் இருக்கிறது. நமது முன்னோரும் தமிழ்நாட்டிலிருந்து ஐயனாரையும் முனியாண்டியையும் மாரியம்மனையும் மனதில் சுமந்துகொண்டுதான் மலையேறினார்கள். பெயர்களும் அந்த வழியே வந்தன. மாரி என்றால் மழை. மழை தருபவள் மாரியம்மன். அவள் பெயரால் மாரிமுத்து, மாரியாயி. 'ஆயி' என்றால் தாய். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் இருப்பதால் தீவுகளில் நாகலிங்கம், நாகம்மா, நாகேஸ்வரி என்ற பெயர்களைக் கேட்கலாம்.

பொன்னம்பலம், கனகசபை, அம்பலவாணர், சபாபதி, நடராசா என்று ஐந்து பேர் இருந்தால் ஐந்தும் வேறு வேறு பெயர் என்று நினைப்போம். ஐந்தும் சிதம்பரத்தைக் குறிப்பவை. கனகம் என்றால் பொன், சபை என்றால் அம்பலம். ஆகவே பொன்னம்பலமும் கனகசபையும் ஒரே பெயர்தான். நம்மில் பழனி என்று பெயர் உள்ளவரும் ஒரு கோயில் ஊரைத்தான் பெயராகச் சுமக்கிறார்.

ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கர் பெயர்கள் இன்னும் தூரத்திலிருந்து வந்தவை. சூசை என்பது போர்த்துக்கீசர் வாயில் வழங்கிய யோசேப்பு. சந்தியோகு என்பதும் யாகப்பர் என்பதும் ஒரே புனிதர். சவிரிமுத்துவில் இருக்கும் 'சவிரி', 1506இல் பிறந்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர். அது அவர் பிறந்த கோட்டையின் பெயர். பழைய பாஸ்க் மொழியில் 'புது வீடு' என்று பொருள். எங்கேயோ இருந்த வீட்டின் பெயர், நமது 'முத்து'வோடு சேர்ந்து தமிழாகிவிட்டது.

தீவில் கந்தையா, தோட்டத்தில் கருப்பையா. சாமி பெயரோடு 'ஐயா' சேரும் கட்டு இரண்டிலும் ஒன்றுதான். அங்கே சரவணமுத்து, இங்கே வீரமுத்து. யார் பெயரும் உயர்வில்லை, யார் பெயரும் தாழ்வில்லை.

வெட்கப்பட வேண்டாம்

பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகள் தாத்தா பாட்டி பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். குப்பம்மாள், பிச்சைமுத்து என்று ஏன் வைத்தார்கள்? முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது கண்ணேறு படாமல் பிழைக்கட்டும் என்று பெற்றவர்கள் வேண்டி வைத்த பெயர் அது. "இது குப்பை, யாரும் எடுக்காதீங்க" என்று எமனிடம் சொல்லிய தாயின் தந்திரம்! அந்தப் பெயருக்குள் எத்தனை கண்ணீர் இருந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பேரும் பத்திரமும்

இனிமேல் சொல்வதுதான் மிக முக்கியம். ஒரு தாயின் பிறப்புச் சான்றிதழில் மாரியாயி. செக்ரோலில் மாரியம்மாள். அடையாள அட்டையில் மாரியம்மா. வீட்டில் மூன்றும் ஒருத்திதான். கந்தோரில் மூன்று ஆள்! முப்பது வருசம் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியவரும். அப்புறம் எத்தனை நடை, எத்தனை நாள் சம்பளம் போகும்! வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்.

இங்கிலீசில் எழுதும்போது ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான். த, ட வித்தியாசமும் தெரியாது. அதைத் திரும்பத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதுபவர் தனக்குத் தோன்றியபடி எழுதுகிறார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்கள் பத்திரமில்லாமல் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2003இல் வந்த சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை தீர்ந்தது. கிடைத்த உரிமையை எழுத்துப்பிழையால் இழக்கலாமா?

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

1. பிள்ளை பிறந்ததும் பெயரைத் தெளிவாக ஒரு தாளில் எழுதி, பிறப்பைப் பதியக் கொடுப்பவரிடம் கொடுங்கள். பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். காலங்கடந்த பதிவுக்கு அலைச்சல் அதிகம்.

2. கையெழுத்து வைக்குமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.

3. தகப்பன் பெயரை முதலெழுத்தோடு நிறுத்தாமல், கேட்கும் இடத்தில் முழுதாக எழுதுங்கள். பெற்றோர் பெயர் அவர்களுடைய சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

4. இங்கிலீசு எழுத்து எது என்று ஒருமுறை முடிவு செய்து, எல்லாப் பத்திரத்திலும் அதையே பாவியுங்கள்.

5. பிழை கண்டால் நீங்களே வெட்டித் திருத்த வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் என்றால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்டச் சத்தியக் கடதாசி வேண்டுமா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லாருடைய பத்திரங்களையும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியே பெரியவர்களிடம், "இந்தப் பேரு ஏன் வச்சாங்க?" என்றும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெற்றவர்கள் நமக்குத் தந்த முதல் சொத்து பெயர்தான். அதற்கு வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. பிழையில்லாமல் பிள்ளைகள் கையில் ஒப்படைப்போம்.