உலர்பழத்தில் தங்கும் கந்தகம்: வாங்குவது முதல் உண்பது வரை

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்தின் தோல் பதனிடும் தொழிலில் புழங்கும் சோடியம் மெட்டாபைசல்பைட் என்னும் வெண்பொடி, உணவுத் தரத்தில் தயாரிக்கப்படும்போது உலர்பழங்களைக் காக்கவும் பயன்படுகிறது. ஈரமும் அமிலமும் பட்டதும் அதிலிருந்து வெளிப்படும் கந்தக டை ஆக்சைடு, பழம் கறுக்காமல் தடுத்துப் பூஞ்சையையும் அடக்குகிறது. சல்பைட்டுகள் எனப்படும் இவ்வகைச் சேர்மங்களின் எச்சம் பழத்திலேயே தங்கிவிடுவதால், ரம்ஜான் நோன்புக்கும் பண்டிகைப் பாயசத்துக்கும் உலர்பழம் வாங்குவோர் பின்வரும் படிகளைக் கைக்கொள்வது நல்லது.

1. நிறத்தைக் கவனித்தல்: கந்தகம் சேராமல் உலர்ந்த ஆப்ரிகாட் கரும்பழுப்பாகவே இருக்கும், ஆரஞ்சு நிறம் மாறாத ஆப்ரிகாட்டும் பொன்மஞ்சள் கிஸ்மிஸும் பெரும்பாலும் கந்தகம் ஏற்றப்பட்டவை. ஆயினும் நிறம் ஒரு குறிப்பே தவிர முடிந்த சான்றன்று.

2. லேபிளைப் படித்தல்: உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண்முறையான ஐஎன்எஸ்ஸில் 220 முதல் 228 வரையிலான எண்களில் சல்பைட்டுகள் அடங்கும். ஒரு கிலோவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் அதை லேபிளில் அறிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறை கூறுகிறது. சில்லறையாக நிறுத்து வாங்குவோர், கடைக்காரரிடம் மூலப்பெட்டியைக் காட்டச் சொல்லி அதிலுள்ள விவரத்தையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பார்க்கலாம்.

3. அளவைக் கணக்கிடுதல்: உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் நிபுணர் குழு, சல்பைட்டுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.7 மில்லிகிராமை ஏற்கத்தக்க உச்ச அளவாக வகுத்துள்ளது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 14 மில்லிகிராம். உலர்பழத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் வரை சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் அனுமதிப்பதால், அந்த உச்சத்தை எட்டிய பழம் வெறும் 14 கிராம், அதாவது குழந்தையின் கைப்பிடி அளவு, உள்ளே சென்றாலே அன்றைய வரம்பு நிறைந்துவிடும்.

4. பூஞ்சையைத் தேடுதல்: அத்திப்பழத்தைப் பிளந்து பார்த்து, உள்ளே கறுப்போ பூசண வாடையோ இருப்பின் எறிந்துவிட வேண்டும், ஏனெனில் பூஞ்சை உண்டாக்கும் நச்சுகளான அஃப்ளடாக்சினும் ஓக்ராடாக்சினும் கழுவினாலும் வேகவைத்தாலும் முற்றாக அழிவதில்லை.

5. ஊறவைத்துக் கொட்டுதல்: வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் சல்பைட்டின் ஒரு பகுதி நீரில் கரைந்து வெளியேறும். ஆகவே கந்தகம் ஏற்றிய கிஸ்மிஸ் ஊறிய நீரைக் காலையில் பருகும் பழக்கத்தைக் கைவிட்டு, அந்நீரைக் கொட்டி, பழத்தை மறுமுறை அலசுவதே முறை. அதற்குக் குடிக்கத் தகுந்த நீரையே எடுக்க வேண்டும். மேற்சொன்ன வட்டாரம் அடங்கிய பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பதிவு செய்துள்ளது. அவ்வாறு கெட்ட நீரில் கலந்த உப்பும் குரோமியமும் கொதிக்கவைப்பதால் நீங்குவதில்லை.

6. ஆஸ்துமா உள்ளோரைக் காத்தல்: ஆஸ்துமா உள்ளோரில் சல்பைட் ஒவ்வாதவர்களுக்கு உண்ட சில நிமிடங்களிலேயே மூச்சிரைப்பு ஏற்படக்கூடும். ஊறவைத்தல் எச்சத்தை முழுவதும் நீக்காது என்பதால், இவர்கள் சல்பைட் சேர்த்த பழங்களை அறவே தவிர்ப்பதும், அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவரை நாடுவதும் இன்றியமையாதவை.

லேபிளற்ற பொட்டலத்தையும் ஐயத்துக்குரிய சரக்கையும் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகாராகத் தெரிவிப்பது நுகர்வோரின் உரிமை. குழந்தையின் தட்டில் வைக்கும் பழத்தைப் பளபளப்பைக் கொண்டு தேராமல் லேபிளைப் படித்துத் தேர்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.